குணசுந்தரியின் தாம்பாளம்

குணசுந்தரி இப்போது மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படித்துவிடலாம், அப்படி ஒரு குரல். அந்தத் தொண்டை காலேஜில் அடைத்துப்போய்க் கிடந்தது என்று சொன்னால் அங்கே ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அடைக்க வைத்த புண்ணியவதியின் பேர் ஜெயஸ்ரீ. குணசுந்தரி அந்தப் பேரை மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

அவளுக்குச் சொந்த ஊர் சின்னமேட்டுக்குப்பம். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கடலை முட்டிக்கொண்டு நிற்கிற சின்ன ஊர். அங்கே ஒரு வீட்டை ஒதுக்கி வைப்பதென்றால் அதற்கு முறை உண்டு. பஞ்சாயத்து கூடும். இன்னாருடைய தப்பு இன்னதென்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் தரக்கூடாது, மீறினால் மீறினவருக்கும் தெண்டம். தப்புப் பண்ணினவர் வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தோடு எல்லையம்மன் கோயில் வாசலுக்கு வந்து, தப்பை ஒத்துக்கொண்டு, தெண்டம் என்னவென்று கேட்டுக் கட்ட வேண்டும். ஊர்த்தலைவர் தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது.

குணசுந்தரி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அப்பா பொன்னுரங்கம், திருவிழாவுக்காக யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று ஊர் சொன்ன நாளில் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒதுக்கி வைத்தார்கள். கூட விளையாடுகிற பிள்ளைகள் அவளைக் கண்டதும் ஓடிவிடும். அழுதுகொண்டு வந்தவளிடம் அப்பா சொன்னார்: "நைனா தப்பு பண்ணிட்டேன் கண்ணு. தாம்பாளம் வெச்சா சரியாப் பூடும்." சொன்னது போலவே தாம்பாளம் வைத்தார், தலைவர் வெற்றிலை எடுத்தார். அன்று சாயங்காலமே வீடு கொள்ளாத ஜனம். ஓடிப்போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தன. ஒதுக்கி வைப்பதைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஒரு முடிவும் இருக்கும்.

அந்த நம்பிக்கையோடுதான் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ராயபுரம் பக்கத்து மகளிர் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். குப்பத்திலிருந்து காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண். அம்மா சிவந்தி திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து, சாமி கும்பிட்டு, ரயிலேற்றி விட்டாள்.

முதல் நாள் வகுப்பெடுக்க வந்த சாபிரா மேடம் எல்லோரையும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். குணசுந்தரி எழுந்து, வீட்டில் பேசுவது போலவே பேசினாள். "எம் பேரு குணசுந்தரி. எங்க வூடு எண்ணூராண்ட கீது. எங்க நைனா கடலுக்குப் போறாரு."

வகுப்பு சிரித்தது. நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயஸ்ரீ பக்கத்தில் இருந்தவளிடம், "கீதாம்டி" என்றாள். அதற்கு இன்னொரு சிரிப்பு. ஜெயஸ்ரீ ஒன்றும் இங்கிலாந்து ராணி இல்லை. தண்டையார்பேட்டைக்காரி, அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஆபீஸ் உத்தியோகம். அவள் வீட்டு வாசலைத் தாண்டினால் தெருவெல்லாம் 'கீது'தான். ஆனால் அவளுக்கு நாக்கை மடித்துப் பேச வரும். அது போதுமே, ஒருத்தி மகாராணி ஆவதற்கு!

சரி, சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அன்றைக்கு குணசுந்தரியின் தொண்டை மூடிக்கொண்டது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கோமதி என்ற பேர் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்தது அவள் பேர். "யெஸ் மேடம்" என்று வாயைத் திறப்பாள், காற்றுதான் வரும். வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு ஆப்சென்ட் வாங்கின ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். கேன்டீனுக்குள் நுழைந்தால் எல்லாக் கண்ணும் தன் மேல்தான் என்று தோன்றும், கை வியர்க்கும், வாங்க வந்ததை வாங்காமலே திரும்பி வந்துவிடுவாள்.

உதயா என்று ஒரு பெண் கொஞ்ச நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவொற்றியூர்ப் பெண், ஒரே ரயிலில் வருவார்கள். ஒரு நாள் உதயா பையை எடுத்துக்கொண்டு நடு பெஞ்சுக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து ரயிலில் வேறு பெட்டி. ஏன் என்று சொல்லவில்லை. மத்தியானம் புங்கமரத்தடிச் சிமென்ட் மேடையில் ஜெயஸ்ரீ கூட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும். குணசுந்தரி டப்பாவோடு அந்தப் பக்கம் வந்தால் வட்டம் நெருங்கிக்கொள்ளும். திட்ட மாட்டார்கள், போ என்று சொல்ல மாட்டார்கள். அவளுக்கு இடம் மட்டும் இருக்காது. அவள் லைப்ரரி மாடிப்படிக்குப் போய்ச் சாப்பிடுவாள்.

என்ன தப்பு? அதுதான் அவளைத் தின்றது. மீன் நாற்றமோ என்று மீன் குழம்பை நிறுத்தினாள். அம்மாவிடம் சண்டை போட்டு வாசனை சோப்பு வாங்கினாள். பேச்சுதான் தப்போ என்று, வரும்போதும் போகும்போதும் ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "என்ன, என்ன, இருக்கு, இருக்கு" என்று முணுமுணுத்துப் பழகினாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பயந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். என்ன செய்தும் வட்டம் திறக்கவில்லை.

கடைசியில் குப்பத்துப் பெண்ணுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒன்று அவளுக்குத் தோன்றியது. நம்மை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என்ன தப்பென்று நமக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே முறை? தாம்பாளம் வைத்துத் தெண்டம் கட்டினால் தீர்ந்தது.

அம்மாவின் கல்யாணத் தாம்பாளம், நல்ல பித்தளை, அதைப் புளி போட்டுத் தேய்த்து, துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், எலுமிச்சம்பழம், எதையும் விடவில்லை. மத்தியானம் புங்கமரத்தடிக்குப் போய், வட்டத்துக்கு வெளியே ஜெயஸ்ரீயின் காலருகே தாம்பாளத்தை வைத்தாள். எப்படியோ குரல் வந்தது.

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. தெண்டம் இன்னான்னு சொல்லுங்க, கட்டிட்றேன். என்னைச் சேத்துக்கங்க."

யாருக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருத்தி, "ஐயோ, நிச்சயதார்த்தம்டி!" என்றாள். இன்னொருத்தி, "மாப்பிள்ளை எங்கம்மா?" என்றாள். ஜெயஸ்ரீ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே செருப்பு நுனியால் தாம்பாளத்தைத் தள்ளிவிட்டாள். அது சிமென்ட் மேடையிலிருந்து கீழே விழுந்து விளிம்பில் சொட்டை விழுந்தது. எலுமிச்சம்பழம் கேன்டீன் வரைக்கும் உருண்டு போனது. உதயாவும் சிரித்தாள். அதைத்தான் குணசுந்தரி நன்றாகப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பேர் தாம்பாளம். "தாம்பாளம் வருதுடி." "தாம்பாளம் ஆப்சென்டா?" அடிப்பாவிகளா! ஊரே விழுந்து கும்பிடுகிற பொருளைக் காலால் தள்ளிவிட்டு அதையே பட்டப்பேராகவும் வைத்தார்களே, வயிறு எரியுமா எரியாதா? குணசுந்தரிக்கு எரிந்தது. அதுவரைக்கும் அழுதுகொண்டிருந்தவள் அதற்குப் பிறகு அழவில்லை. சாயங்காலம் ரயில் கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்குக் காத்துக் கிடக்கும்போதெல்லாம் ஜெயஸ்ரீயை ஒவ்வொரு விதமாகப் பழிவாங்கிப் பார்த்தாள். ஒரு நாள் அவள் ஜடையை ரயில் கதவில் கட்டினாள். இன்னொரு நாள் மார்க்கெட்டில் மீன் கழுவின தண்ணீரை வாளியோடு தலையில் கவிழ்த்தாள். எல்லாம் மனசுக்குள்தான். ரயில் நகர்ந்தால் மறுபடியும் தொண்டை மூடிக்கொள்ளும். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. காலேஜ் எப்படி என்று அம்மா கேட்டால் "சோக்காகீது" என்பாள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் சாபிரா மேடம் வகுப்புக்கு வந்து, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஒரு வார முகாம் இந்தத் தடவை ஒரு மீனவர் குப்பத்தில் என்றார். கடற்கரையைச் சுத்தம் செய்வது, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. மாணவிகளுக்குத் தலைவி ஜெயஸ்ரீ. ஊர்ப் பெயர் சின்னமேட்டுக்குப்பம். ஊர்த்தலைவர் சம்மதம் சொல்லிவிட்டாராம், தங்கிக்கொள்ளப் புயல் காப்பகக் கட்டடமும் கொடுத்துவிட்டாராம்.

அந்த வகுப்பில் ஒருத்திக்குக்கூட அது குணசுந்தரியின் ஊர் என்று தெரியாது. முதல் நாள் 'எண்ணூராண்ட' என்றதோடு சரி, அதற்குமேல் யார் கேட்டார்கள்? கூட ரயிலில் வந்த உதயாகூடக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடினபோது அவள் போய் நின்றாள். பெண்கள் பொதுவாக ஓரமாக நின்று கேட்பதோடு சரி. இவள் நடுவில் வந்து நின்றதும் ஊர்த்தலைவர் பக்தவச்சலம், "இன்னாம்மா?" என்றார். தன் ஊர் மண்ணில் அவள் தொண்டை எப்போது மூடியிருக்கிறது? வட்டத்தையும், மாடிப்படிச் சாப்பாட்டையும், தாம்பாளத்தையும், பட்டப்பேரையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"என் கண்ணாலத் தாம்பாளத்தையா?" என்று சிவந்தி ஓரத்திலிருந்து கத்தினாள். "சொட்டை எப்டி வந்துச்சுன்னு கேட்டதுக்குக் கை தவறிச்சுன்னியேடி!"

பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பக்தவச்சலம்தான் கை காட்டி உட்கார வைத்தார்.

"ஒரு பொண்ணு தெண்டம் கட்டறேன்னு தாம்பாளம் வெக்கிது, அத்தக் காலால தள்றாளா?" என்றார். "இது ஊருக்குப் பண்ண அவமானம். ஆனா வரலாம்னு வாக்கு குடுத்துட்டேன், மாத்த மாட்டேன். வரட்டும், தங்கிக்கட்டும். எடம் குடுக்கறோம்னுதான் சொன்னோம். பேசறோம்னு சொன்னோமா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அங்கேயே தீர்ப்பானது. தண்ணீருக்கு மட்டும் டிரம்மை நிரப்பி வாசலில் வைத்துவிட வேண்டும், தண்ணீரை மறுக்கக்கூடாது. டீச்சரம்மாவுக்கு இந்தத் தடை கிடையாது, அவரோடு பேசலாம். மற்றவர்களோடு ஒரு வார்த்தை பேசினாலும் தெண்டம்.

முகாம் வந்தது. வேனிலிருந்து ஜெயஸ்ரீ தொப்பி போட்டுக்கொண்டு இறங்கி, "வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா" என்றாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையைப் பின்னினார்கள். கருவாடு காயப்போட்டவர்கள் கருவாட்டைப் புரட்டினார்கள். ஒருத்தரும் முகத்தைச் சுளிக்கவில்லை, முறைக்கவில்லை. அந்த இடத்தில் ஜெயஸ்ரீ என்று ஒருத்தி நிற்பதே யாருக்கும் தெரியவில்லை.

டீக்கடையில் போய் "அண்ணா, டீ" என்றார்கள். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார். சாபிரா மேடம் வந்ததும், "வாம்மா, குந்துமா, சக்கரை தூக்கலா போடட்டா?" என்று ஒரே ஒரு டீயைப் போட்டு நீட்டினார். எழுத்துச் சொல்லிக் கொடுக்கக் கரும்பலகை மாட்டி உட்கார்ந்தார்கள், வந்து பார்த்தது ஒரு ஆடு. கடற்கரையைக் கூட்டிப் பெருக்கினார்கள், யாரும் நின்று பார்க்கவில்லை. வீடு வீடாகப் போனால் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. இரண்டு நாள் முடிவதற்குள் உதயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

முகாமுக்குப் பேர் கொடுக்காத குணசுந்தரியை இங்கேதான் அவர்கள் பார்த்தார்கள். அது அவள் ஊர் என்று அப்போதுதான் தெரிந்தது. இருக்கிற தாவணியிலேயே நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் முறுக்கோடு, காலையில் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை அவள் அந்தக் கட்டடத்து வழியாக நடந்தாள். எதிரே வருகிற ஒவ்வொருத்தரோடும் நின்று நின்று பேசினாள். "இன்னா மாமா, மீன்பாடு எப்டி?" "ஏ, குயந்த எங்க?" என்று குரல் கடல் வரைக்கும் போனது. சாபிரா மேடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குணா, உனக்கு இவ்வளவு பேச வருமா?" என்றார். "வரும் மேடம். இங்க வரும்" என்றாள் அவள்.

ஜெயஸ்ரீ மறுபடியும் டீக்கடைக்குப் போனாள். குணசுந்தரி எதிர்ப்பக்கம் படகில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயஸ்ரீ வாயைத் திறந்தாள், அண்ணா என்று சொல்ல வந்தாள், காற்றுதான் வந்தது. பெஞ்சில் இருந்த ஆட்களைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். குணசுந்தரிக்கு அது என்னவென்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். பாவமாக இருந்ததா என்றால் இல்லை. வயிறு குளிர்ந்தது. மிச்சமிருந்த முறுக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

சாயங்காலம் தண்ணீர் டிரம் பக்கத்தில் ஜெயஸ்ரீ அவளை வழிமறித்தாள். "நாங்க என்ன தப்பு பண்ணினோம்? ஏன் யாருமே பேச மாட்டேங்கறாங்க? சொல்லு குணா, ப்ளீஸ்."

குணா! தாம்பாளம் குணாவாகிவிட்டது. அவள் பதில் சொல்லவில்லை, சொன்னால் தெண்டம். கோயில் பக்கம் கையை மட்டும் காட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே சாபிரா மேடம் சிவந்தியின் வீட்டுக்குப் போய் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முகம் சிவந்து வெளியே வந்தார். "இத்தனையும் என் வகுப்பில் நடந்திருக்கு, எனக்குத் தெரியலை" என்றார். சிவந்தி உள்ளே போய்த் தாம்பாளத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதுலயே வெக்கச் சொல்லுமா. சொட்டைய நல்லாப் பாத்துக்கட்டும்."

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஜெயஸ்ரீ தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தாள். பின்னால் உதயாவும் மற்றவர்களும். தாம்பாளம் நடுங்கி, பாக்கு உருண்டுகொண்டிருந்தது. கீழே வைத்தாள்.

"இன்னா தப்பு பண்ணே, சொல்லு" என்றார் பக்தவச்சலம்.

"தாம்பாளத்தைக் காலால தள்ளினேன்."

"அது ஊருக்குப் பண்ணது. இந்தப் பொண்ணுக்கு இன்னா பண்ணே?"

"சேத்துக்கலை."

குணசுந்தரி முன்னால் வந்தாள். பழிவாங்கியாகிவிட்டது, வேடிக்கை பார்த்தாகிவிட்டது. ஆனால் இத்தனை நாளாக அவளைத் தின்றது அப்படியே உள்ளே இருந்தது. அதற்குப் பதில் வேண்டும்.

"நான் இன்னா தப்பு பண்ணேன், ஜெயஸ்ரீ?"

ஜெயஸ்ரீ உதயாவைப் பார்த்தாள். உதயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணலை."

"நாறுனனா? என் பேச்சு புடிக்கலியா? இன்னாதான் காரணம்?"

"அதெல்லாம் இல்லை. காரணம்னு ஒண்ணும் இல்லை." ஜெயஸ்ரீ அழுதுகொண்டே சொன்னாள். "சும்மாதான்."

நாற்றம் என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். பேச்சு என்றிருந்தாலும் பதில் இருந்தது. சோப்பு, நிறுத்தின மீன் குழம்பு, ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்த 'என்ன', 'இருக்கு', எல்லாம் எதற்கு? சும்மாவுக்கு. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "அடிப்பாவி" என்றாள்.

பக்தவச்சலம் கோயில் மைக்கைக் கொண்டுவரச் சொன்னார். "இதான் தெண்டம். இப்ப சொன்னியே, அத்த இதுல சொல்லு. குப்பம் பூரா கேக்கட்டும்."

ஜெயஸ்ரீ மைக்கைப் பிடித்தாள். குரல் வரவில்லை. ஊர் பொறுமையாகக் காத்திருந்தது. கடைசியில் தென்னைமரத்தில் கட்டின ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து கரகரவென்று வந்தது: "குணசுந்தரி ஒரு தப்பும் பண்ணலை. நாங்கதான் அவளை ஒதுக்கி வெச்சோம். சும்மாதான் ஒதுக்கி வெச்சோம்." உதயாவும் சொன்னாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் சொன்னார்கள். கரையில் படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

பக்தவச்சலம் குனிந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். முடிந்தது. டீக்கடைக்காரர் அங்கிருந்தே, "எத்தினி டீமா? வாங்க வாங்க!" என்று கூப்பிட்டார். பெண்கள் வந்து அந்தப் பிள்ளைகளின் கையைப் பிடித்தார்கள், ஒருத்தி உதயாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஊர் அப்படித்தான். தெண்டம் கட்டியாகிவிட்டால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாது.

ஜெயஸ்ரீ தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு குணசுந்தரியிடம் வந்தாள். "நீயும் ஒரு வெத்தலை எடுத்துக்கோ, குணா."

குணசுந்தரி கையை நீட்டவில்லை. பக்தவச்சலம், "எடுத்துக்கம்மா, அதான் சொல்லிட்டாளே" என்றார். சிவந்தியும் கண்ணால் சாடை காட்டினாள்.

"மைக்லகூடச் சொல்லிட்டேனே," என்றாள் ஜெயஸ்ரீ. "எல்லாரும் மன்னிச்சிட்டாங்க. நீ மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்கற?"

குணசுந்தரி தாம்பாளத்தைக் கையில் வாங்கினாள். வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாவற்றையும் அப்படியே ஜெயஸ்ரீயின் துப்பட்டாவில் கொட்டினாள். வெறும் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"சும்மாதான்" என்றாள்.